விண்டோஸ் 10 இலேயே இருப்பதா, 11 க்கு மாறுவதா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொக்குவிலில் ஒரு ரியூசன் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிய, பிள்ளையை ஏற்ற வரும் பெற்றோர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு முதலில் பிள்ளையின் படிப்பைக் கேட்பார்கள், அடுத்ததாக வீட்டுக் கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்பார்கள். கொஞ்சக் காலமாக எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: விண்டோஸை மாற்றுவதா, விடுவதா. கோயில் வீதியிலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட ஆறுதலாக எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். லேசானவை முதலில், சிக்கலானவை கடைசியில்.

தம்பி, விண்டோஸ் 10 இனி வேலை செய்யாதாம், உண்மையோ?

வேலை செய்யும். நாளைக்குக் காலையிலும் வழமைபோல ஓன் ஆகும், வேர்ட் திறக்கும், படம் பார்க்கலாம். 2025 ஒக்டோபர் 14 உடன் முக்கியமாக நின்றது ஒன்று: மைக்ரோசொப்ட் மாதாமாதம் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த பாதுகாப்பு அப்டேற். விண்டோஸுக்குள் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தரும் வேலையை அவர்கள் அந்தத் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு அதை நீடிக்கவும் வழி இருக்கிறது, அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இது புதிய விசயம் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 இலும், விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 இலும் இதே மாதிரித்தான் முடிந்தது. அதனால் யாராவது உங்களைப் பயப்படுத்தி ஒரு கிழமைக்குள் புது லப்டொப் வாங்க வைக்கப் பார்த்தால் வாங்காதீர்கள். யோசிக்க நேரம் இருக்கிறது.

அப்டேற் இல்லாட்டி என்னதான் நடந்திடும்? நான் ஆறு வருசமா அதை நிற்பாட்டித்தான் வச்சிருக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை.

இதை என்னிடம் சொன்ன ஐயாவுக்கு நான் வனாகிரை கதையைச் சொன்னேன். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் அது. கொம்பியூட்டரில் இருக்கும் பைல்களை எல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேற்றை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன்னரே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாமல் தள்ளிவைத்தவர்களில் நிறையப் பேர் மாட்டுப்பட்டார்கள். யாரும் தவறான லிங்கை அமத்தக்கூட இல்லை, ஒரே நெற்வேர்க்கில் இருந்ததே போதுமாக இருந்தது.

ஆறு வருடம் ஒன்றும் நடக்காதது உங்கள் நல்ல காலம். அடுத்த முறை நடந்தால் போவது என்ன என்று மட்டும் யோசியுங்கள். பழைய பாட்டும் சீட்டு விளையாட்டும் மட்டும் இருக்கும் மெஷின் என்றால் பெரிய இழப்பு இல்லை. வங்கிக் கணக்கு, வெளிநாட்டுக் காசு வரும் விபரம், பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் அதற்குள் இருந்தால் அது வேறு கதை.

என்ர லப்டொப்புக்கு 11 வருமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

மைக்ரோசொப்டே பிசி ஹெல்த் செக் என்று ஒரு சின்ன இலவசச் செயலி வைத்திருக்கிறது. அதைப் போட்டு ஓட்டினால் வரும், வராது, எதனால் வராது என்று மூன்றையும் சொல்லும். கடைசித் தீர்ப்பு அதனுடையதுதான், கடைக்காரருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

கையால் பார்க்க விரும்பினால் செற்றிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போங்கள். புரொசசர் என்ற வரியில் ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின் ஒரு கோடும் இலக்கமும் இருக்கும். ஐ5-6300 என்றால் முதல் இலக்கம் 6, அதாவது 6 ஆம் தலைமுறை, வராது. ஐ5-8250 என்றால் 8 ஆம் தலைமுறை, வரும். 10210 என்று ஐந்து இலக்கத்தில் இருந்தால் 10 ஆம் தலைமுறை. இன்டெலில் எல்லைக்கோடு 8 என்று மனதில் வையுங்கள். ஏஎம்டி கம்பனியின் ரைசன் புரொசசர் என்றால் டெஸ்க்டொப்பில் 2000 வரிசையிலிருந்தும் லப்டொப்பில் 3000 வரிசையிலிருந்தும் பெரும்பாலும் வரும். இவற்றோடு 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறார்கள். அந்த 4 ஐ நம்ப வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடையில கேட்டா டிபிஎம் இல்லை எண்டுறாங்கள். அதை வாங்கிப் பூட்டலாமோ?

வாங்க முதல் பயோஸுக்குள் (மெஷின் ஓன் ஆகும்போது விண்டோஸுக்கு முதல் ஓடும் அடிப்படை அமைப்பு) பாருங்கள். டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு சின்னப் பகுதி. விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பைக் கேட்கிறது. 8 ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்திய மெஷின்களிலும் அது அநேகமாக ஏற்கெனவே இருக்கும், ஆனால் பயோஸில் நிறுத்தி வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டுத் திரும்ப பிசி ஹெல்த் செக்கை ஓட்டுங்கள். உரும்பிராயில் ஒரு வீட்டில் புது மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டப் போன நேரத்தில் இந்த ஒரு வரியை மாற்றியதும் பச்சை அடையாளம் வந்துவிட்டது.

பழைய 4 ஆம், 6 ஆம் தலைமுறை மெஷினுக்கு டிபிஎம் வாங்கிப் பூட்டிப் பிரயோசனம் இல்லை. புரொசசரே பட்டியலில் இல்லையே.

வரும் எண்டு காட்டுது. அப்ப உடனே அமத்திறதோ?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

என் அக்கா ஒரு ஆசிரியை. பதினொரு வருடமாகத் தானே தயாரித்த வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளி விபரம், இறந்துபோன எங்கள் அப்பாவின் கடைசிப் படங்கள், எல்லாம் ஒரே லப்டொப்பில் இருந்தன. மெஷின் மெதுவாகிவிட்டது என்று ஒரு இடத்தில் கொடுத்தா. அவர்கள் புது விண்டோஸ் போட்டுத் துடைத்து மினுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். சி டிரைவ் முழுக்கப் புதிது. டெஸ்க்டொப்பில் குப்பைக்கூடை ஒன்று மட்டும் இருந்தது. “பைல் வேணும் எண்டு நீங்கள் சொல்லேல்லையே” என்றார்கள். மீட்டெடுக்கும் மென்பொருள் போட்டு மூன்று நாள் இருந்து பார்த்தேன். நானூறுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன, பாதி சாம்பல் நிறக் கோடுகளாக. அப்பாவின் படங்களில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை.

அதனால் முதலில் ஒரு எக்ஸ்ரேணல் ஹாட் டிஸ்க்கிலோ பெரிய பென் டிரைவிலோ டெஸ்க்டொப், டொக்கியுமென்ற்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் கொப்பி பண்ணுங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கொம்பியூட்டரில் போட்டு ஐந்தாறு பைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத கொப்பியை நான் கொப்பியாகக் கணக்கெடுப்பதில்லை. மிக முக்கியமானவற்றைக் கூகுள் டிரைவிலும் போடுங்கள், 15 ஜிபி இலவசம்.

எவ்வளவு டேட்டா போகும்? நடுவில கரண்ட் நிண்டா?

5 ஜிபிக்கு மேல் போகும், அதன் பிறகு வரும் அப்டேற்றுகள் வேறு. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் டவுன்லோடை இரவில் விடுங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் செய்ய வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று மெஷின் இருந்தால் ஒருமுறை 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி எல்லாவற்றுக்கும் அதையே பாவிக்கலாம், மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதற்குத்தான் இருக்கிறது.

டவுன்லோட் நேரம் கரண்ட் போனால் பயமில்லை, திரும்பத் தொடரும். இன்ஸ்ரோல் ஆகி மெஷின் தானாக நின்று நின்று தொடங்கும் நேரம்தான் ஆபத்து. பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும், ஆனாலும் அதை நம்பி இறங்கக்கூடாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப், பற்றரி செத்த லப்டொப் என்றால் மழை இடி இல்லாத, கரண்ட் வெட்டு அறிவிக்காத ஒரு நாளைப் பாருங்கள். 2022 இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் நான் யாருக்கும் எந்தப் பெரிய அப்டேற்றும் செய்யவில்லை.

பிள்ளைக்கு இந்த வருசம் உயர்தரம். இப்ப மாத்தலாமோ?

சோதனை முடியட்டும். செயல்திட்டமும் நோட்ஸும் இருக்கும் மெஷினில் இப்போது கை வைக்க வேண்டாம். ஒரு கொப்பி மட்டும் எடுத்து வையுங்கள்.

மாத்தினாப் பிறகு பிடிக்காட்டித் திரும்பி வரலாமோ?

பத்து நாளுக்குள் வரலாம். செற்றிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, அதில் கோ பேக் என்று இருக்கும். உங்கள் பைல்கள் இருக்கும், புதிதாகப் போட்ட செயலிகள் போய்விடும். இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் இருக்கும் போல்டரை அழித்தீர்கள் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் முதல் பத்து நாளும் எதையும் துப்புரவு செய்யாமல், நீங்கள் வழமையாகச் செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள்: பிரிண்டர், ஸ்கேனர், ஸூம் வகுப்பு, தமிழ் ரைப்பிங்.

இதுக்குக் காசு கட்ட வேணுமோ? கடையில ‘அக்ரிவேற்’ பண்ணித் தாறம் எண்டு காசு கேக்கினம்.

முறையான விண்டோஸ் 10 இருந்தால் 11 க்கு மாறுவது இலவசம். விண்டோஸ் 10 உடன் வாங்கிய பிராண்ட் லப்டொப் என்றால் உரிமம் அந்த போர்டோடு சேர்ந்தே இருக்கும், வேலை செய்யும் கூலியைத் தவிர வேறு எதற்கும் நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடைகளில் அக்ரிவேற் என்று சொல்வது பல நேரங்களில் கள்ள மென்பொருள் ஒன்றை ஓட்டுவதைத்தான். அதை ஓட்ட முதல் வைரஸ் காவலை நிறுத்துவார்கள், நிறுத்தாவிட்டால் அது ஓடாது. பாதுகாப்புக்காக விண்டோஸை மாற்றப் போய், முதல் வேலையாகக் காவலையே நிறுத்திவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றை உள்ளே விடுகிறோம். அக்ரிவேற் செய்யாத விண்டோஸ் 11 கூட ஓடும், பாதுகாப்பு அப்டேற்றும் அதற்கு வரும். திரையின் மூலையில் ஒரு மங்கலான வாசகம் நிற்கும், பின்னணிப் படம் போன்றவற்றை மாற்ற விடாது. அவ்வளவுதான். காசு சேரும் வரை அந்த வாசகத்தோடு இருங்கள்.

மெஷின் ஸ்லோவாகுமோ? 4 ஜிபி ராம்தான் இருக்கு.

ஆகும். விண்டோஸும் குரோமில் நாலைந்து பக்கமும் திறந்தாலே 4 ஜிபி முடிந்துவிடும். 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம். ராமைவிட முக்கியமானது டிஸ்க். உங்கள் மெஷினில் இன்னும் சுற்றுகிற பழைய ஹாட் டிஸ்க் இருந்தால், விண்டோஸ் 11 போட்ட பிறகு ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்து வரலாம். அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) ஒன்று போட்டால் அதே மெஷின் வேறொன்றாக மாறும். 11 க்கு மாறாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், செலவழித்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

மலிவாக வந்த சில சின்ன லப்டொப்களில் மொத்த இடமே 64 ஜிபிதான், அதுவும் போர்டோடு ஒட்டியது, மாற்ற முடியாது. பிசி ஹெல்த் செக் சரி என்று காட்டினாலும் அவற்றில் ஒவ்வொரு பெரிய அப்டேற்றுக்கும் இடத்துக்கு அடிபட வேண்டிவரும்.

நாங்கள் கொமினிக்கேசன் வச்சிருக்கிறம். பாமினியில அடிச்ச பைல் எல்லாம் பழுதாப் போகுமோ?

போகாது. பாமினி ஒரு எழுத்துரு மட்டும்தான், அது விண்டோஸ் 11 இலும் வேலை செய்யும். ஆனால் விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் நீங்கள் சேர்த்த எழுத்துருக்கள் போய்விடும், அப்போது பழைய பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல் தெரியும். பைல் பழுதாகவில்லை, எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்துவிடும். கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர் அடிக்கிற கடைகள் கொப்பி எடுக்கும்போது பொன்ற்ஸ் போல்டரையும் சேர்த்து எடுங்கள். அங்கே இருக்கும் அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றை இப்போது தேடினாலும் கிடைக்காது.

லதாவில் அடித்த யூனிகோட் பைல் வேறு மாதிரித் தெரிகிறது என்று சிலர் கேட்டார்கள். லதா விண்டோஸ் 10 இலிருந்தே மேலதிக எழுத்துரு ஆகிவிட்டது. செற்றிங்ஸில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் போய்த் தமிழ் எழுத்துருத் தொகுதியைச் சேருங்கள். நிர்மலா என்ற தமிழ் எழுத்துரு எப்போதும் இருக்கும்.

பழைய பிரிண்டர் வேலை செய்யுமோ?

இப்போது 64-பிட் விண்டோஸ் 10 இல் வேலை செய்தால் 11 இலும் அநேகமாகச் செய்யும். விண்டோஸ் 11 இல் 32-பிட் பதிப்பே கிடையாது. இதனால் இன்னொன்றும் வருகிறது: உங்களுடையது 32-பிட் விண்டோஸ் 10 என்றால், அபவுட் பக்கத்திலேயே தெரியும், பைல்களை வைத்துக்கொண்டு நேரே மாற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது மேலே கொப்பி எடுப்பது பற்றிச் சொன்னது இரட்டிப்பாகப் பொருந்தும்.

11 வராது எண்டு காட்டுது. புதுசு வாங்கத்தான் வேணுமோ?

அந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஒரு ஸ்ரூடியோக்காரர் அல்பம் வடிவமைக்கும் மெஷினைப் பற்றிக் கேட்டார். அதில் இன்ரநெற்றே இல்லை, படங்கள் கார்டில் வரும், பிரிண்டுக்குப் போகும். அதை அப்படியே விடச் சொன்னேன், வெளியிலிருந்து வரும் பென் டிரைவ்களை வேறு மெஷினில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போடச் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இன்ரநெற்றில் இருக்கும் மெஷின் என்றால் மூன்று வழி: ஒரு வருட நீடிப்பு எடுத்து அதற்குள் காசு சேர்ப்பது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது, பாவித்த 8 ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஒன்றை வாங்குவது. இப்போது 6 ஆம் தலைமுறை டெஸ்க்டொப்களை நல்ல விலைக்குக் குறைத்து விற்கிறார்கள். விலை குறைந்ததற்குக் காரணமே இதுதான், விண்டோஸுக்காக அதை வாங்காதீர்கள்.

அந்த ஒரு வருச நீடிப்பை எப்பிடி எடுக்கிறது?

விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று வேண்டும். செற்றிங்ஸில் விண்டோஸ் அப்டேற் பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பு வரும். கணக்கில் நுழைந்து உங்கள் செற்றிங்ஸை மைக்ரோசொப்டோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் இலவசம். விருப்பமில்லை என்றால் 30 டொலர், எங்கள் காசில் ஏறத்தாழ 9,000 ரூபாய். ஒரு கணக்கில் எடுத்த நீடிப்பைப் பத்து மெஷின் வரை பாவிக்கலாம், அதனால் ஒரு வீட்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். பாதுகாப்பு அப்டேற் 2026 ஒக்டோபர் 13 வரை வரும்.

விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிபென்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்பதைக் கேட்டுவிட்டு “அப்ப நீடிப்பு எதுக்கு” என்று ஒருவர் கேட்டார். டிபென்டர் தெரிந்த வைரஸைப் பிடிக்கும். விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. வனாகிரை வந்தது ஓட்டையால்.

யூரியூப்பில பாத்தன், வராத மெஷினிலயும் 11 போடலாமாம்.

போடலாம், நானும் ஒரு 6 ஆம் தலைமுறை மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேற் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் தெளிவாகச் சொல்கிறது. நாங்கள் மாறுவதே அப்டேற்றுக்காகத்தான். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டூவோ போன்ற மிகப் பழைய புரொசசர்களில் அது தொடங்கவே மறுத்தது, அந்த நாள்வரை அவற்றில் 11 ஓடிக்கொண்டுதான் இருந்தது. தானே பழுது பார்க்கத் தெரிந்தவர் தன் மெஷினில் செய்யட்டும். அம்மாவின் லப்டொப்பில் செய்துவிட்டுக் கொழும்புக்குப் போகாதீர்கள்.

லினக்ஸ் எங்களுக்குச் சரி வருமோ?

பிரவுசர், வட்ஸ்அப் வெப், யூரியூப், கடிதம் அடிப்பது, பிள்ளையின் ஸூம் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் நன்றாகச் சரி வரும். பழைய மெஷினுக்கு நான் லினக்ஸ் மின்ற் போடுகிறேன். அதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, காசு இல்லை, அக்ரிவேற் இல்லை. போட முதல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹாட் டிஸ்க்கைத் தொடாமல். வைபை, சத்தம், கமெரா மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள். தமிழில் அடிக்க ரெங்கநாதன், தமிழ்99, ஒலிப்பு முறை விசைப்பலகைகள் எல்லாம் இருக்கின்றன.

போட்டோஷொப், கணக்கியல் மென்பொருள், பாமினி விசைப்பலகையில் வேகமாக அடித்துப் பழகிய கை, சில பழைய லேசர் பிரிண்டர்கள், இவற்றில் ஒன்று உங்கள் வயிற்றுப்பிழைப்பு என்றால் லினக்ஸ் வேண்டாம். எம்எஸ் ஒபீஸும் அதில் ஓடாது. லிப்ரே ஒபீஸ் வேர்ட் பைலைத் திறக்கும், ஆனால் அட்டவணை நிறைந்த பாடசாலைப் படிவங்கள் கொஞ்சம் அசைந்துவிடும்.

கனடாவில இருந்து சித்தப்பா தன்ர லப்டொப்பை அனுப்பப் போறார். என்ன பாத்து அனுப்பச் சொல்ல?

நல்ல கேள்வி, ஏனென்றால் அங்கிருந்து வந்து இறங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முதலாவது, 8 ஆம் தலைமுறையா, அதற்கு மேலா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, அது அவருடைய சொந்த லப்டொப்பா, வேலைத்தலத்தில் கொடுத்ததா? கம்பனி மெஷினை அவர்களுடைய பதிவிலிருந்து நீக்காமல் அனுப்பினால், இங்கே துடைத்துப் புது விண்டோஸ் போட்டாலும் இன்ரநெற் கிடைத்ததும் அந்தக் கம்பனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய ஈமெயிலைக் கேட்கும். மூன்றாவது, தன் கணக்கிலிருந்து வெளியேறி ரீசெற் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள்.

பிரான்ஸிலிருந்து வந்தால் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வந்தாலும் ஒன்றிரண்டு மாறும். செற்றிங்ஸில் ஆங்கில அமைப்பைத் தெரிவு செய்தால் அடிக்கும்போது சரியாக வரும், விசையில் அச்சிட்டிருப்பது மட்டும் வேறாக இருக்கும். பார்த்து அடிக்கும் பெரியவர்களுக்கு ஒட்டும் ஸ்ரிக்கர் வாங்கிக் கொடுங்கள்.

11 போட்டாப் பிறகு டெஸ்க்டொப்பில இருந்த பைல் எல்லாத்தையும் காணேல்லை!

பதற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்ததும் வன்டிரைவ் (OneDrive, மைக்ரோசொப்டின் இன்ரநெற் சேமிப்பிடம்) உங்கள் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ற்ஸையும் தன்னுடைய போல்டருக்குள் எடுத்திருக்கும். பைல் எக்ஸ்புளோரரில் இடதுபக்கம் மேக அடையாளம் இருக்கும் போல்டருக்குள் பாருங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், அது நிறைந்ததும் காசு கேட்டு அறிவித்தல் வரும். அதற்குப் பயந்து அங்கே பைலை அழித்தால் உங்கள் மெஷினிலும் அழியும், ஏனென்றால் இரண்டும் ஒன்று. முதலில் பைல்களை வெளியே ஒரு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள், பிறகு வன்டிரைவ் செற்றிங்ஸில் பக்கப்பை நிறுத்துங்கள்.

பயோஸில எதையோ மாத்தினன், இப்ப நீல ஸ்கிரீன் வந்து 48 இலக்கம் கேக்குது. ஆர் தந்த இலக்கம்?

இது பிற்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பூட்டு. 24எச்2 இலிருந்து விண்டோஸ் 11 ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படும், சாவியான அந்த 48 இலக்கம் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். போர்டு மாற்றினால், பயோஸில் கை வைத்தால், சாவியைக் கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து சாதனங்கள் என்ற பகுதியில் பாருங்கள், ஸ்கிரீனில் தெரியும் அடையாள எண்ணுக்கு நேரே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஹோம் பதிப்பு முதல் முறை தொடங்கும்போது கணக்கு ஒன்றைக் கேட்டே தீரும். வாடிக்கையாளரின் ஈமெயில் பாஸ்வேட் தெரியாததால் சில இடங்களில் தங்கள் கணக்கையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் டிஸ்க்கின் சாவி அப்போது அவர்களிடம் இருக்கிறது, அவர்கள் அந்தக் கணக்கை மறந்தால் யாரிடமும் இல்லை. சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கைத் திறக்க வழியே கிடையாது, மைக்ரோசொப்டாலும் முடியாது, அழித்துத்தான் பாவிக்கலாம். வேலைக்குக் கொடுத்த மெஷின் திரும்பி வந்ததும் கடை மேசையிலேயே வைத்து செற்றிங்ஸில் அக்கவுன்ற்ஸைத் திறவுங்கள். அங்கே தெரியும் ஈமெயில் உங்களுடையது இல்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிவிட்டு, 48 இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி, காணி உறுதி வைக்கிற பெட்டிக்குள் வையுங்கள்.